பல்லில் கம்பி போட்ட கதாநாயகி

இருபது வருஷமாகக் கதை எழுதி வருகிறேன். என் கதாநாயகிகளில் சிலர் ஏழைகள். சிலர் கறுப்பு நிறம். ஒருத்திக்குக் கால் சற்று ஊனம்கூட உண்டு. ஆனால் ஒருத்திக்காவது பல்லில் கம்பி கட்டிவிட எனக்குத் துணிவு வந்ததில்லை. காரணம் வெளிப்படை. பல்லில் கம்பியோடு ஒரு பெண் சிரித்தால் வாசகருக்கும் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் கதாநாயகன் அவளைக் காதலிப்பதை யாரும் நம்பமாட்டார்கள் என்று ஒரு பயம். கதாநாயகி என்றால் பல் முத்து வரிசையாகத்தான் இருக்க வேண்டும் என்பது கதை எழுதுகிறவர்களுக்குள் எழுதப்படாத சட்டம்.

ஆகையால் 1978-ஆம் வருஷத்திய ஒரு புகைப்படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. இருபது, இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாநிறம், சுருட்டை முடி. உடுப்போ, யாரோ பழந்துணி மூட்டையை அவிழ்த்து அவள்மேல் கொட்டினாற்போல இருக்கிறது. வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். மேல் வரிசைப் பல் முழுவதும் கம்பி! அதை மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவள் முகத்தில் இல்லை. அந்த வருஷத்தில் இங்கிலாந்தில் மிகவும் பேசப்பட்ட பாடகிகளில் அவள் ஒருத்தி. மேடைப் பெயர் பாலி ஸ்டைரீன்.

பாலிஸ்டைரீன் என்றால் என்ன என்று யாரும் அகராதியைத் தேடவேண்டாம். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் அது உடையாமல் இருக்க வெள்ளை வெளேரென்று ஒரு சாமானை வைத்து அனுப்புகிறார்களே, நாம் தெர்மோகோல் என்று சொல்கிறோமே, அதுதான். பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அது. "செல்வி தெர்மோகோல்" என்று ஒருத்தி தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு பாட வந்தால் நாம் என்ன நினைப்போம்? இங்கிலாந்துக்காரர்களும் அப்படித்தான் திகைத்தார்கள். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு முழு வரலாறு அடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சிறு பெண்ணாக அவள் இருந்த காலத்துக் கதையைச் சொல்லும்போது "அவள்" என்றுதான் பேனா ஓடுகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவளுடைய இயற்பெயர் மரியான் எலியட்-ஸயீத். 1957 ஜூலை 3-ஆம் தேதி, லண்டனை ஒட்டிய ப்ராம்லியில் பிறந்தாள். தாயார் ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழி வந்த வெள்ளைக்கார மாது. வக்கீல் அலுவலகத்தில் காரியதரிசி வேலை பார்த்தவர். தந்தை ஆப்பிரிக்காவில் ஸோமாலியாவிலிருந்து வந்தவர். குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய பாரம் பெரும்பாலும் தாயார் தலையில்தான் விழுந்தது. வளர்ந்த இடம் லண்டனின் ப்ரிக்ஸ்டன் பேட்டை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த கறுப்பு மக்கள் குடியேறிய இடம் அது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கலப்பு மணத்தில் பிறந்த குழந்தை என்றால் வெள்ளையர் தெருவிலும் அரை ஆள், கறுப்பர் தெருவிலும் அரை ஆள். "நீ யார்?" என்ற கேள்வியை மற்றக் குழந்தைகள் பரீட்சையில்தான் சந்திப்பார்கள். இந்தக் குழந்தை அதை வாசற்படியிலேயே சந்தித்தது.

பதினைந்தாவது வயதில் பையில் மூன்று பவுனை வைத்துக்கொண்டு மரியான் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். கோபித்துக்கொண்டு போனாள் என்பதைவிட, உலகத்தைப் பார்க்கப் போனாள் என்பதே பொருந்தும். ஊர் ஊராகச் சங்கீத விழாக்கள் நடந்த காலம் அது. வழியில் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டு, ஹிப்பிகள் கூடுகிற வீடுகளில் படுத்துக்கொண்டு திரிந்தாள். ஓர் ஓடையில் குளிக்கும்போது காலில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. இரத்தத்தில் விஷம் பரவி, வைத்தியம் பார்க்கும்படி ஆயிற்று. தேச சஞ்சாரம் அதோடு முடிந்தது.

திரும்பி வந்தவள் லண்டனில் கிங்ஸ் ரோடு அங்காடியில் ஒரு சிறு கடை போட்டுத் துணிமணி விற்றாள். 1976-ல் ஜமைக்கா பாணியில் ஒரு பாட்டுப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டாள். அது விலைபோகவில்லை. பத்தோடு பதினொன்றாகக் கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. அதே 1976, ஜூலை 3. அன்று அவளுக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஹேஸ்டிங்ஸ் என்று ஓர் ஊர். கடலுக்குள் நீண்டு செல்லும் பாலமும், அதன்மேல் ஒரு மண்டபமும் அங்கே இருந்தன. அந்த மண்டபத்தில் ஸெக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு பாடியதை அவள் கேட்டாள். அவர்கள் அப்போது இன்னும் ஒரு இசைத்தட்டுக்கூட வெளியிடாத வாலிபர்கள். கேட்டுவிட்டு வந்தவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாயிற்று: இதை நாமும் செய்யலாம்.

"பங்க்" என்று பெயர் பெற்ற அந்த இசையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1976-ல் இங்கிலாந்தில் வேலையில்லாதவர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு காலத்தில் உலகத்துக்கே கடன் கொடுத்த தேசம், சர்வதேச நிதி ஸ்தாபனத்திடம் கடனுக்குப் போய் நின்ற வருஷம் அது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பிள்ளைகளுக்கு முன்னால் வேலை நிலையத்து வரிசையைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர்கள் கேட்ட பிரபல பாடகர்களோ மாளிகைகளில் வாழ்ந்தார்கள். ஒரு பாட்டை இருபது நிமிஷம் வாசித்தார்கள். பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. கிதாரில் மூன்று சேர்ப்பு தெரிந்தால் போதும், இரண்டரை நிமிஷத்தில் சொல்ல வேண்டியதைச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று புறப்பட்டார்கள். அதில் நயம் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றந்தான். ஆனால் ஒரு நன்மை விளைந்தது. வாசலில் காவல்காரன் இல்லாததால், அதுவரை மேடைக்கு வர முடியாதவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். முக்கியமாகப் பெண்கள் வந்தார்கள்.

மரியான் சங்கீதப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தாள். தனக்கு ஒரு பெயர் வேண்டுமென்று, வியாபாரிகளின் முகவரிகள் அடங்கிய மஞ்சள் பக்கங்களைப் புரட்டினாள். கண்ணில் பட்டது பாலிஸ்டைரீன். பாட்டு நட்சத்திரங்களை ஜனங்கள் அப்படித்தானே நடத்துகிறார்கள், கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடுகிறார்களே, ஆகையால் இந்தப் பெயர்தான் பொருத்தம் என்று பின்னால் விளக்கம் சொன்னாள். குழுவுக்கு வைத்த பெயர் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். குழந்தைகளின் சித்திரக்கதைப் புத்தகங்களில், "இதை மாட்டிக்கொண்டால் எதையும் ஊடுருவிப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டி விளம்பரம் செய்த ஏமாற்றுக் கண்ணாடியின் பெயர் அது. இரண்டு பெயரும் கடைத்தெருவில் பொறுக்கியவை. ஆனால் ஊடுருவிப் பார்க்கும் கண் இவளுக்கு மெய்யாகவே இருந்தது.

எதை ஊடுருவிப் பார்த்தாள்? கடைத்தெருவைத்தான். மற்ற பங்க் குழுக்கள் ராணியைத் திட்டின, அரசாங்கத்தைத் திட்டின. இவள் பாடியது பிளாஸ்டிக் பையை, பல் விளக்கும் பசையை, கிருமிநாசினியை, வுல்வொர்த் கடையில் வேலை செய்யும் பையனை. கண்ணைப் பறிக்கும் பளீர்ச் சாயத்தில் உலகம் முழுவதும் தோய்ந்துவிட்ட ஒரு நாளைப் பற்றிப் பாடினாள். கிருமிக்குப் பயந்து பயந்து சுத்தம் பார்க்கும் இளம் காதலர்களைப் பற்றிப் பாடினாள். கண்ணாடியிலும் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் தன் முகத்தையே தேடுகிற பெண்ணைப் பற்றிப் பாடினாள். ஒரு விசேஷம், அவள் இவற்றைச் சபிக்கவில்லை. அந்தப் பளபளப்பு அவளுக்குப் பிடித்துமிருந்தது. பிடித்திருக்கிறதே என்ற பயமும் இருந்தது. விளம்பரத்தைப் பார்த்து நகைக்கிறோம், மறுநாள் அதே சாமானை வாங்கிக்கொண்டு வருகிறோம். நம்மில் யார் அப்படிச் செய்யாதவர்? அவளும் நம்மைப்போலத்தான் இருந்தாள். ஆனால் அதை வெளியே சொன்னாள்.

1977-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. "ஓ பாண்டேஜ், அப் யுவர்ஸ்!" என்று பெயர். விலங்கே, உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்பதுபோல் பொருள் கொள்ளலாம். மூலத்தில் இதைவிடக் காரம் அதிகம். குழந்தைகளைக் கண்ணால் பார்க்கலாம், அவர்கள் குரல் மட்டும் காதில் விழக்கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. அதைப் பெண்பிள்ளைகளுக்கென்று திருப்பி, பாட்டின் ஆரம்பத்தில் மிகவும் அடக்கமான பெண்ணைப்போல மெல்லிய குரலில் சொல்கிறாள். அடுத்த கணம், ஆலைச் சங்கு ஊதினாற்போல ஓர் அலறல்! பக்கத்தில் ஸாக்ஸபோன் குழல் வீறிடுகிறது. அதை வாசித்தவள் லோரா லாஜிக் என்ற பள்ளிக்கூடத்துச் சிறுமி. பங்க் இசையில் அந்த வாத்தியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்தப் பாட்டை முதலில் கேட்டபோது என் காது சம்மதிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெண்குரல் என்றால் குழைய வேண்டும், கெஞ்ச வேண்டும் என்றே பழகிய காது இது. இரண்டாவது தடவை கேட்டபோது ஒரு சந்தேகம் தோன்றிற்று. குழைவதும் கெஞ்சுவதும் பெண்குரலின் இயற்கையா, அல்லது நாம் அதற்குப் பூட்டிய விலங்கா? மூன்றாவது தடவை அந்தப் பாட்டை நானே தேடிப் போட்டுக் கேட்டேன்.

அந்த முதல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. அது வெளியானதும் லோராவும் குழுவில் இல்லாமற்போனாள். ஆனால் 1978-ல் நிலைமை மாறிற்று. அந்த ஒரே வருஷத்தில் குழுவின் மூன்று பாட்டுக்கள் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 23, 24, 19 ஆகிய இடங்களைப் பிடித்தன. நவம்பரில் "ஜெர்ம்ஃப்ரீ அடோலஸண்ட்ஸ்" என்ற முழுநீள இசைத்தட்டு வெளிவந்தது. கிருமியில்லாத விடலைகள் என்று பொருள். அது 30-ஆவது இடத்துக்கு வந்தது. வேகம் பங்க் இசையின் வேகம். மெட்டோ, ஒரு முறை கேட்டால் நாள் முழுவதும் வாயில் முணுமுணுக்கச் செய்யும் பாப் பாட்டின் மெட்டு. இவ்விரண்டும் சேர்ந்த வகைக்குப் பிற்காலத்தில் பாப்-பங்க் என்று தனிப் பெயரே ஏற்பட்டது. அந்தப் பெயர் பரவுவதற்கு முன்பே, பெண்குரலில் அதைச் செய்து காட்டியவர்களில் இவளும் ஒருத்தி.

அதே 1978-ல் இன்னொரு சம்பவம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கு உயிரில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கறுப்பரையும் ஆசியக்காரரையும் விரட்ட வேண்டும் என்று பிரசாரம் செய்த நேஷனல் ஃப்ரண்ட் என்ற கட்சி அப்போது இங்கிலாந்தில் தலைதூக்கியிருந்தது. 1976 ஆகஸ்டில் எரிக் க்ளாப்டன் என்ற புகழ்பெற்ற கிதார் வித்வான், பர்மிங்ஹாம் நகரத்து மேடையிலேயே குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசினார். கறுப்பரின் சங்கீதத்தைக் கற்றுப் பெயரெடுத்தவர் இப்படிப் பேசலாமா என்று கொதித்தவர்கள், இன வெறுப்புக்கு எதிராகப் பாடுவோம் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்த இயக்கத்தார் 1978 ஏப்ரல் 30-ஆம் தேதி ட்ரஃபால்கர் சதுக்கத்தில் கூடி, கிழக்கு லண்டனிலுள்ள விக்டோரியா பூங்காவுக்கு ஊர்வலமாக வந்தார்கள். 80,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பாடியவர்களில் பாலி ஸ்டைரீனும் ஒருத்தி. மற்றவர்களுக்கு அது கொள்கை. இவளுக்கு அது சொந்த உடம்பின் விஷயம். நீ யார், எந்தப் பக்கம் என்று சின்ன வயது முதல் கேட்கப்பட்டவள், எந்தப் பக்கமும் இல்லாமல் நின்று பாடினாள்.

ஒரு பாட்டுக் கச்சேரி உலகத்தைத் திருத்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சரித்திரம் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை. நான்கு நாள் கழித்து, மே 4-ஆம் தேதி, அதே கிழக்கு லண்டனில், வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி இன வெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டான். பத்து நாள் கழித்து அந்தப் பேட்டையின் வங்காளிகள் ஆயிரக்கணக்கில் அவனுடைய சவப்பெட்டியின் பின்னால் நடந்தார்கள். பாட்டு வெறுப்பைக் கொல்லவில்லை. நாம் தனியாக இல்லை என்று சில பேருக்குச் சொல்லிவைத்தது. அதுவும் சிறிய காரியமல்ல.

இதற்குள் பாலிக்கு உள்ளுக்குள்ளே ஏதோ நேர்ந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகக் கச்சேரி, இரவெல்லாம் பிரயாணம், பத்திரிகைக்காரர், புகைப்படக்காரர். தான் கவர்ச்சிப் பதுமை அல்ல, யாராவது தன்னை அப்படி ஆக்கப் பார்த்தால் தலையை மொட்டையடித்துக்கொள்வதாக ஒரு சமயம் சொல்லியிருந்தாள். அப்படியே மொட்டையடித்துக்கொண்டும் விட்டாள். உலகம் அதை வேடிக்கை என்று எண்ணிக்கொண்டது. டான்காஸ்டர் என்ற ஊரில் ஒரு கச்சேரி முடிந்த இரவில், ஜன்னலுக்கு வெளியே இளஞ்சிவப்பாய் ஓர் ஒளி வானத்தில் பறந்து வந்ததாகக் கண்டாள். தொட்ட பொருளெல்லாம் சடசடவென்று பொறி பறந்ததாகச் சொன்னாள். மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கிஸோஃப்ரீனியா என்ற மனநோய் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இனி வேலை செய்யவே முடியாது என்றும் கூறிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. உற்சாகத்தின் உச்சிக்கும் சோர்வின் ஆழத்துக்கும் மாறி மாறித் தள்ளுகிற பைபோலார் என்ற வேறொரு நோய்தான் அவளுக்கு இருந்தது. சரியான பெயர் கண்டுபிடிக்கப்பட்டது 1991-ல். இடையில் பதின்மூன்று வருஷம்! நோய்க்குத் தவறான பெயர் வைத்துவிட்டால் மனிதனை அந்தப் பெயருக்குள்ளேயே அடைத்துவிடுகிறோம். பெயர்களைப் பற்றி அவ்வளவு சாமர்த்தியமாக யோசித்தவளுக்கு உலகம் கொடுத்த பெயர் இப்படி அமைந்தது.

1979-ல் பி.பி.ஸி. அவளைப் பற்றி ஒரு தொலைக்காட்சிப் படமே காட்டிற்று. "பாலி ஸ்டைரீன் யார்?" என்பதுதான் அதன் தலைப்பு. அவள் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வி! அந்த வருஷமே குழுவை விட்டு விலகிவிட்டாள். வயது இருபத்திரண்டு. தூக்கி எறியப்படும் சாமானின் பெயரை வைத்துக்கொண்டவளை உலகம் ஏறக்குறைய மூன்று வருஷம் உபயோகித்துவிட்டு விட்டுவிட்டது.

இனிமேல் "அவர்" என்றே எழுத வேண்டும். 1981-ல் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஸெலஸ்ட். 1983 வாக்கில் பாலி கிருஷ்ண பக்தி இயக்கத்தில் சேர்ந்தார். 1965-ல் கல்கத்தாவிலிருந்து சரக்குக் கப்பலில் நியூயார்க்குக்குப் போன பக்திவேதாந்த சுவாமி என்ற முதியவர் ஏற்படுத்திய இயக்கம் அது. பீட்டில்ஸ் பாடகர் ஜார்ஜ் ஹாரிஸன் 1973-ல் லண்டனுக்கு வெளியே ஒரு மாளிகையை வாங்கி அதற்கு அளித்திருந்தார். பாலி குழந்தையோடு அந்த மாளிகை ஆசிரமத்தில் சில காலம் வசித்தார். லோரா லாஜிக்கும் அதே இயக்கத்தில் சேர்ந்திருந்தாள். "பங்க் பாடகி பஜனைக்குப் போய்விட்டாள்" என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. வாங்கு, வாங்கு என்று கூவுகிற கடைத்தெருவை இருபது வயதிலேயே எதிர்த்து நின்றவர், ஆசையைக் குறை என்று சொல்கிற இடத்துக்குப் போனது இயற்கைதான்.

ஆனால் பக்தி நோயைத் தீர்க்கவில்லை. வீட்டில் அதன் பளுவைச் சுமந்தது அந்தச் சின்னக் குழந்தை. ஸெலஸ்ட் பிறகு பாட்டியிடம் வளர்ந்தாள். பழைய குழு 1995-ல் மறுபடி கூடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. லோராவும் வந்து வாசித்தாள். ஊர் ஊராகப் போய்ப் பாடலாம் என்ற நேரத்தில், லண்டன் தெருவில் தீயணைப்பு வண்டி ஒன்று பாலியின் மேல் மோதி இடுப்பெலும்பை முறித்துவிட்டது. இதை நான் கதையில் எழுதினால், செயற்கையாக இருக்கிறதென்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு பாடகி மேடையை விட்டு இறங்கிவிட்டால் அவருடைய பாட்டும் இறங்கிவிடுமா? அங்கேதான் கதை வேறு திசையில் திரும்புகிறது. இசைத்தட்டுக்கள் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தன. ஸியரா லியோன் தேசத்துத் தந்தைக்கும் ஸ்வீடன் தேசத்துத் தாய்க்கும் பிறந்த நெனெ செர்ரி என்ற பாடகி, பாலியின் இசைத்தட்டோடு சேர்ந்து பாடிப் பார்த்துத்தான் தம் சொந்தக் குரலைக் கண்டுபிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1990-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்து ஒலிம்பியா என்ற சின்ன ஊரில் காத்லீன் ஹன்னா என்ற பெண்ணும் தோழியரும் பிகினி கில் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷங்களில் "ரையட் கர்ல்" என்ற பெயரில் பெண்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள், குழு அமைத்தார்கள், கச்சேரிகளில் பெண்களை முன்வரிசைக்கு அழைத்து நிறுத்தினார்கள். தமக்கு முன்னோடி யாரென்று அவர்களைக் கேட்டபோதெல்லாம் பாலி ஸ்டைரீன் பெயர் வந்தது. லண்டனில் 2013-ல் மூன்று கறுப்புப் பெண்கள் பிக் ஜோனி என்ற பங்க் குழுவைத் தொடங்கியபோது, நீங்கள் எப்படி இங்கே என்று கேட்டவர்களுக்குக் காட்ட அவர்களிடம் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. பல்லில் கம்பியோடு சிரிக்கும் புகைப்படம்.

2002-ல் கானடா தேசத்து ஆவ்ரில் லவீன் பதினேழு வயதில் முதல் இசைத்தட்டு வெளியிட்டு உலகமெங்கும் பெயர் பெற்றாள். 2005-ல் பாரமோர் குழுவோடு ஹேலி வில்லியம்ஸ் பதினாறு வயதில் வந்தாள். பாப்-பங்க் என்றாலே பையன்கள் சமாசாரம் என்ற எண்ணத்தை இந்தப் பெண்கள் உடைத்தார்கள் என்று எழுதுகிறார்கள். உடைத்தது உண்மை. ஆனால் கால் நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சுவரில் ஒருத்தி பெரிய ஓட்டை போட்டிருந்தாள்.

2008 செப்டம்பரில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கத்தில் பாலி தம் பழைய பாட்டுக்களைப் பாடினார். சுமார் 3,000 பேர் கொள்ளும் அரங்கம் நிரம்பிற்று. ஐம்பத்தொரு வயது மாது மேடைக்கு வந்து, இருபது வயதில் அலறிய அலறலை மறுபடி அலறினார். பிறகு புதிய பாட்டுக்கள் எழுதினார். "ஜெனரேஷன் இன்டிகோ" என்ற இசைத்தட்டு 2011 மார்ச்சில் வெளிவந்தபோது புற்றுநோய் உடம்பெங்கும் பரவிவிட்டிருந்தது. ஏப்ரல் 25-ஆம் தேதி காலமானார். வயது ஐம்பத்து மூன்று.

கடைசிக் காலத்தில் அவர் வசித்த ஊர் செயின்ட் லெனர்ட்ஸ். ஹேஸ்டிங்ஸுக்கு ஒட்டினாற்போல உள்ள கடற்கரை ஊர். பத்தொன்பதாவது பிறந்த நாளில் வாழ்க்கையின் பாதை திரும்பிய அந்தப் பாலத்துக்கு எட்டிய தூரந்தான். 2010 அக்டோபரில் பாலத்தின் மேலிருந்த கட்டடங்கள் தீப்பற்றிப் பெரும்பாலும் அழிந்துபோயின. அதற்கடுத்த வசந்தத்தில் பாலியும் போய்விட்டார்.

அவருடைய மகள் ஸெலஸ்ட் பெல் 2019-ல் தாயைப் பற்றி ஒரு புத்தகமும், 2021-ல் ஒரு படமும் கூட்டாகத் தயாரித்து வெளியிட்டார். தாய் விட்டுச்சென்ற பெட்டிகளைத் திறந்து, நாட்குறிப்பும் கவிதையும் படமுமாக எடுத்துப் பார்த்துச் செய்த வேலை. அதில் என்னைத் தொட்டது ஒன்று. மகள் தாயைத் தெய்வமாக்கவில்லை. இவள் உலகத்துக்கு நல்ல பாடகி, எனக்கு எப்போதும் நல்ல தாயாக இருக்க முடியவில்லை என்பதை மறைக்கவில்லை. கோபமும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. புகழ்பெற்றவர்களின் பிள்ளைகள் எழுதுவதில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ஊருக்குக் குரல் கொடுத்தவளின் வீட்டில் ஒரு குழந்தை மௌனமாகக் காத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம் முழுமையாகும்.

தெர்மோகோலைப் பற்றி இன்னொரு விஷயம் உண்டு. தூக்கி எறிவது சுலபம். ஆனால் அது மக்குவதில்லை. மண்ணில் புதைத்தாலும் நம் பேரன் காலத்துக்கும் கிடக்கும். சுற்றுப்புறத்துக்கு அது கெடுதல். ஆனால் பாலி அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது பாதிப் பொருளைத்தான் கவனித்தார் என்று நினைக்கிறேன். மறுபாதியை, அவருக்குப் பின்னால் வந்த பெண்கள் கண்டுபிடித்தார்கள்.

என் மேஜைமேல் அந்தப் புகைப்படத்தின் பிரதி ஒன்று இருக்கிறது. அடுத்த நாவலுக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்திருக்கிறேன். கதாநாயகிக்குப் பல்லில் கம்பி உண்டு. கடைசி அத்தியாயத்தில் அதைக் கழற்றி அவளை அழகியாக்கிவிடலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். இப்போது அந்த வரியை அடித்துவிட்டேன்.